அண்ணல் கண்ட அன்றாட மகிழ்ச்சி



சென்ற பௌர்ணமி வந்தனை முடிந்ததும் ஒரு தாய் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். மகனுக்கு வேலை போயிற்று. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு வழியில்லை. இந்நிலையில் பேரக்குழந்தையின் மழலையைக் கேட்டுச் சிரித்துவிட்டதாகவும், அது பிழையோ என்று இரவெல்லாம் உறங்கவில்லை என்றும் கூறினார். துக்கத்தை முதல் உண்மையாகப் போதிக்கும் தம்மத்தில் மகிழ்ச்சிக்கு இடமுண்டோ என்பது அவர் வினா. அதற்கு விடையாகப் போதிசத்துவர் பாபாசாகேப் அம்பேத்கரின் வாழ்வையே ஈண்டு எழுதுகிறேன்.

அண்ணல் 1891 ஏப்ரல் 14இல் மௌ நகரில் பிறந்தார். மாணவப் பருவத்தில் பம்பாய்ப் பரேலில், தொழிலாளர் வாழும் சாலில், ஓரறையில் குடும்பம் முழுதும் வாழ்ந்தது. தந்தை ராம்ஜி இரவு இரண்டு மணி வரை விழித்திருந்து மகனை எழுப்பிவிடுவார். மகன் படிக்க அமர்ந்ததும், அவன் படுத்த இடத்தில் தாம் படுப்பார். இருவரும் ஒருங்கே படுக்க அங்கு இடமில்லை. ஆலைச் சங்கு கேட்டு எழுந்து அத்தகைய அறைகளில் காலம் கழித்த எனக்கு, அந்நெருக்கடியில் ஏட்டில் கண் பதிப்பது எத்துணை அரிது என்பது தெரியும். ஆயினும் அச்சிறுவனுக்குப் படிப்பு சுமையாக இருக்கவில்லை, அதுவே இன்பமாயிற்று. 1907இல் மெட்ரிகுலேஷன் தேறியபோது, கேலுஸ்கர் என்னும் ஆசிரியர் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். பின்னாளில் தழைத்த பெருமரத்திற்கு அந்நூலும் ஒரு வித்து.

அவ்வின்பம் அவரை எங்கும் விட்டகலவில்லை. 1913 முதல் 1916 வரை நியூயார்க்கில் பயின்றபோது, உணவுச் செலவைக் குறைத்துப் பழைய நூல்களை வாங்கிக் குவித்தார். 1917இல் நாடு திரும்புகையில், தனியே அனுப்பிய அவருடைய பெட்டிகளைச் சுமந்த கப்பல் போரில் மூழ்கடிக்கப்பட்டது. 1920இல் மீண்டும் இலண்டன் சென்று, பகலெல்லாம் பிரிட்டிஷ் மியூசிய நூலகத்தில் கழித்தார். இரவில் பசி மிகும்போது, நண்பர் தந்த அப்பளங்களைச் சுட்டுத் தின்று, மறுபடியும் ஏட்டைத் திறந்தார்.

இதனால் அவர் துயரறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. அவர் பெற்ற மக்கள் ஐவருள் நால்வர் இளமையிலேயே மாண்டனர். 1926இல் கடைக்குட்டி ராஜரத்னா இறந்தபோது, வாழ்வின் சுவையே போயிற்று என்னும் பொருள்பட நண்பர் ஒருவருக்கு எழுதினார். 1935 மே 27இல் துணைவியார் ரமாபாயும் மறைந்தார். அண்ணல் அழவேண்டிய வேளையில் அழுதார். தம் துயரைப் பொய்ச்சிரிப்பால் மூடினாரில்லை. ஆனால் துயரமே தம் வாழ்வின் முழுமை என்று ஏற்கவும் இல்லை.

1930களின் தொடக்கத்தில் தாதரில் தம் நூல்களுக்கென்றே ஓர் இல்லம் கட்டினார். புத்தர் பெருமான் உலவிய நகரின் பெயரால் அதற்கு ராஜகிருகம் என்று பெயரிட்டார். பூனா ஒப்பந்தத்தின் கொந்தளிப்பும் அக்காலத்ததே. பின்னர் அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைமை, 1951இல் அமைச்சர் பதவி துறப்பு, நீரிழிவு, கால்வலி, உறக்கமின்மை என இடர்கள் அடுக்கடுக்காக வந்தன. அவற்றினூடே அவர் தோட்டச் செடிகளைப் பேணினார். நாய்களிடம் அன்பு காட்டினார். நல்ல பேனாக்களை விரும்பிச் சேர்த்தார். சில வேளைகளில் தாமே சமைத்து நண்பர்க்குப் பரிமாறினார். முதிய வயதில் மாணவனைப் போல் வயலின் கற்றார். மதுவும் புகையும் அவரை அணுகியதில்லை. பிறருக்குத் தீங்கின்றி மனத்தைத் தெளிவிக்கும் மகிழ்ச்சியே அவர் நாடியது. அம்மகிழ்ச்சி அவரைக் கடமையினின்று விலக்கவில்லை. கடமைக்கு மீளும் வலிமையைத் தந்தது.

பௌத்தம் துன்பத்தையே போதிக்கும் சமயம் என்ற கூற்றையும் அவர் வாளா ஏற்கவில்லை. பிறப்பும் வாழ்வும் இறப்பும் துன்பமே எனில் மக்களுக்கு நம்பிக்கை எங்ஙனம் பிறக்கும் என்று, 1957இல் வெளிவந்த புத்தரும் அவர் தம்மமும் என்னும் நூலின் தொடக்கத்திலேயே வினவினார். துன்பத்தைக் கண்டு காட்டியதோடு அதனை நீக்கும் வழியையும் காட்டியதே தம்மம் என்று அந்நூலில் தெளிவுறுத்தினார். போதிக்கு உறுப்புகள் ஏழு என்பர் பெரியோர். அவற்றுள் நான்காவது பீதி, அதாவது உவகை. உவகையின்றிப் போதி நிறைவுறாது.

1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் இலட்சக்கணக்கானோருடன் அண்ணல் தம்மம் தழுவினார். டிசம்பர் 5ஆம் நாள் இரவு, டெல்லி அலிப்பூர் சாலை இல்லத்தில், நோயின் வேதனைக்கிடையே திரிசரணப் பாடலைக் கேட்டுத் தாமும் மெல்ல முணுமுணுத்தார். பின்பு தம் நூலின் முன்னுரைத் தாள்களை மேசையில் வைக்கச் செய்தார். அவ்விரவில் உறக்கத்திலேயே பரிநிர்வாணம் எய்தினார்.

ஆகவே அத்தாய்க்கு நான் கூறியது இதுவே. மகனுக்கு வேலை தேடித் தருவோம். மகளின் கட்டணத்திற்குச் சங்கத்தாரிடம் கேட்போம். அவை நம் கடமை. ஆனால் குழந்தையின் மழலைக்குச் சிரித்ததற்காக வருந்தற்க. கவலை தீர்ந்த பின்னரே மகிழ்வோம் எனின், மகிழும் நாளே வாராது. அண்ணல் அந்நாளுக்காகக் காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டுவதில்லை.

நமோ புத்தாய!