காற்றை அழுத்தித் தீ மூட்டியவர்

தீக்குச்சி வேண்டாம். மின்சாரப் பொறியும் வேண்டாம். காற்றை இறுக அழுத்தினால் போதும். எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும்!

இப்படி ஓடும் என்ஜினை உலகத்துக்குத் தந்தவர் ருடால்ப் டீசல். அவர் பெயரே என்ஜினுக்கும் எண்ணெய்க்கும் பெயராகிவிட்டது.

ஊர் விட்டு ஊர்

டீசல் 1858-ம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தை தோல் சாமான்கள் செய்து பிழைத்தார்.

1870-ல் போர் மூண்டது. ஜெர்மானியர்கள் பாரிசை விட்டு வெளியேற நேர்ந்தது. குடும்பம் லண்டனுக்குப் போயிற்று. 12 வயதுச் சிறுவனை மட்டும் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் உள்ள உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

பையன் படிப்பில் கெட்டிக்காரன். உபகாரச் சம்பளம் பெற்று மூனிச் தொழிற்கல்லூரியில் சேர்ந்தான். நீராவி என்ஜினில் எரியும் கரியின் சூட்டில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேலையாக மாறுவதில்லை என்று பேராசிரியர் லிண்டே பாடம் நடத்தினார். மீதியெல்லாம் வீண்! அது டீசல் மனதில் ஆழப் பதிந்தது.

வெடித்தது கருவி

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும். அழுத்தப்பட்ட காற்று சூடாகும் என்பதே காரணம். மிக அதிகமாக அழுத்தினால், அந்தச் சூட்டிலேயே எண்ணெய் எரியும். இதுதான் டீசல் கண்ட வழி.

1893-ல் ஆக்ஸ்பர்க் தொழிற்சாலையில் முதல் சோதனை நடந்தது. அழுத்தம் தாங்காமல், அதை அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மயிரிழையில் தப்பினார். ஆனாலும் மனம் தளரவில்லை. 1897-ல் வெற்றி கிட்டியது. நூறு பங்கு சூட்டில் 26 பங்கு வேலையாக மாறியது!

கைக்கு வந்த சோதனை

தீயை மூட்டிய அதே அழுத்தம், என்ஜினைக் கிளப்புகிறவனுக்கு எதிரியாக நின்றது. சிறிய என்ஜினைக் கூட கையால் சுற்றுவது பெரும்பாடு.

பின்னால் வந்தவர்கள் இதற்கு ஒரு வழி செய்தார்கள். சிறு நெம்புகோல் ஒன்றை வைத்தார்கள். அதைத் தள்ளினால் புகை போகும் வால்வு சற்றே திறந்து நிற்கும். காற்று வெளியேறிவிடும், கைப்பிடி லேசாகச் சுற்றும். கனத்த சக்கரம் வேகம் பிடித்ததும் நெம்புகோலை விடவேண்டும். வால்வு மூடும், சக்கரத்தின் வேகமே காற்றை அழுத்தும், என்ஜின் கிளம்பிவிடும்.

கயிறு இழுத்துக் கிளப்பும் சிறு பெட்ரோல் என்ஜின்கள் பலவற்றில் இந்த வேலை தானாகவே நடக்கிறது. வால்வைத் தூக்கும் கேம் தண்டிலேயே ஒரு சிறு முளை இருக்கும். மெதுவாகச் சுற்றும்போது அது வால்வைச் சிறிது தூக்கும். வேகம் கூடியதும், அதோடு சேர்ந்த சிறு எடை வெளிப்பக்கம் விலகும், முளை ஒதுங்கிவிடும், வால்வு முழுதும் மூடும்.

கடலில் முடிந்த கதை

டீசலுக்குப் புகழ் வந்தது, பணமும் வந்தது. ஆனால் பணம் தங்கவில்லை. கடன் பெருகியது.

1913 செப்டம்பர் 29-ந் தேதி இரவு, ஆண்ட்வெர்ப் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றார். காலையில் அறையில் அவர் இல்லை! சில நாட்களுக்குப் பின் கடலில் ஒரு சடலம் மிதந்தது. அதிலிருந்து எடுத்த பொருள்களைப் பார்த்து, தந்தையுடையவைதான் என்று மகன் அடையாளம் சொன்னார்.

பிறர் பாரத்தைச் சுமக்கும் என்ஜினைத் தந்தவர், தன் பாரத்தை யாரிடமும் இறக்கி வைக்கவில்லை.