வாக்குச்சீட்டை நம்பிய தொழிலாளி – ரெறன்ஸ் பவுடர்லி



எட்டு மணி நேர வேலை, சிறுவரை வேலைக்கு அமர்த்தலாகாது என்னும் சட்டம், தொழிற்சங்கத்திற் சேரும் உரிமை என்பன இன்று நமக்குப் பழகிப்போன காரியங்கள். இவற்றைக் கேட்ட கத்தோலிக்கத் தொழிலாளர் ஒரு காலத்தில் வேலையை மட்டுமல்ல, திருவருட்சாதனங்களைப் பெறும் உரிமையையும் இழக்கும் ஆபத்தில் நின்றார்கள் என்பதை நீங்கள் அறிவீர்களா? அமெரிக்காவில் அத்தகைய தொழிலாளரின் தலைவராய் விளங்கிய ஒருவரின் வாழ்க்கையை இவ்வாரம் உங்கள் முன் வைக்கின்றோம்.

ரெறன்ஸ் பவுடர்லி 1849ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் நாள் பென்சில்வேனியா மாநிலத்தின் கார்பன்டேல் என்னும் நிலக்கரிச் சுரங்க ஊரிற் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறிய கத்தோலிக்கர். பன்னிரு பிள்ளைகளில் இவர் பதினோராமவர். பதின்மூன்று வயதில் புகையிரதப் பாதையில் வேலைக்குப் போனார். பதினேழு வயதில் இயந்திரத் தொழில் பழகத் தொடங்கினார்.

1869ஆம் ஆண்டு செப்டெம்பரில் அவொண்டேல் சுரங்கத்தில் தீப்பற்றியது. அச்சுரங்கத்துக்கு இருந்தது ஒரே ஒரு வாசல். அது அடைபட்டதும் உள்ளே இருந்தவர்கள் மூச்சுத் திணறி மாண்டனர். காப்பாற்றச் சென்ற இருவர் உட்பட 110 பேர் உயிரிழந்தனர். வரிசையாகக் கிடத்தப்பட்ட பிரேதங்களையும், அழுது நின்ற தாய்மாரையும் கண்ட இருபது வயது இளைஞன் பவுடர்லியின் உள்ளம் அன்று மாறியது. அடுத்த ஆண்டு, சுரங்கங்களுக்கு இரண்டு வாசல்கள் இருக்கவேண்டுமென மாநிலச் சட்டம் வந்தது. இந்தச் சட்டம் ஓராண்டு முந்தியிருந்தால் எத்தனை குடும்பங்கள் தப்பியிருக்கும்! சட்டம் இயற்றுபவர் யார், அவரைத் தெரிவு செய்பவர் யார் என்னும் கேள்வி தொழிலாளருக்கு உயிர்க் கேள்வியாயிற்று.

பவுடர்லி தொழிற்சங்கத்திற் சேர்ந்தார். அதன் விளைவாக 1873இல் வேலை பறிபோயிற்று. அவருடைய பெயர் முதலாளிமாரின் கறுப்புப் பட்டியலில் ஏறியதால் ஊர் ஊராக வேலை தேடி அலைந்தார். மறு ஆண்டு 'நைற்ஸ் ஒவ் லேபர்', அதாவது உழைப்பு வீரர் சங்கம் என்னும் அமைப்பிற் சேர்ந்தார். 1869இல் பிலடெல்பியா நகரத் தையற்காரர் சிலர் தொடங்கிய இச்சங்கம், முதலாளிமாரின் பழிவாங்கலுக்கு அஞ்சித் தன் பெயரையும் வெளியிடாது இரகசியமாக இயங்கி வந்தது.

1877ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாம் நாள், ஸ்கிராண்டன் நகரில் வேலைநிறுத்தம் செய்தோர் மீது ஆயுதம் தாங்கிய நகரவாசிகள் சுட்டதில் நான்கு தொழிலாளர் இறந்தனர். அதற்குப் பதிலாகத் தொழிலாளர் துப்பாக்கி தூக்கவில்லை, வாக்குச்சீட்டைத் தூக்கினர். 1878இல் 'கிறீன்பாக்' தொழிலாளர் கட்சியின் சார்பில் பவுடர்லியை நகரபிதாவாகத் தெரிவு செய்தனர். வேலை கிடையாது அலைந்த அந்த இயந்திரத் தொழிலாளிக்கு அப்போது வயது இருபத்தொன்பது. மூன்று முறை அப்பதவிக்குத் தெரிவானார்.

1879இல் அவரே உழைப்பு வீரர் சங்கத்தின் தலைவருமானார். எட்டு மணி நேர வேலை, சிறுவர் வேலை ஒழிப்பு, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம சம்பளம் என்பன சங்கத்தின் கோரிக்கைகள். இவற்றை வேலைநிறுத்தத்தால் மட்டும் பெறமுடியாது, சட்டத்தாற் பெறவேண்டும் என்பது அவரது நம்பிக்கை. 1885இல் ஏறத்தாழ ஒரு இலட்சமாயிருந்த அங்கத்தவர் தொகை, 1886இல் ஏழு இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுட் பெருந்தொகையினர் கத்தோலிக்கர்.

இங்கேதான் சோதனை வந்தது. இரகசியமும் சத்தியப்பிரமாணமும் கொண்ட சங்கங்களைத் திருச்சபை சந்தேகத்துடன் நோக்கிய காலம் அது. பவுடர்லி சத்தியப்பிரமாணத்தை அகற்றி, 1882இல் சங்கத்தின் பெயரையும் பகிரங்கப்படுத்தினார். ஆயினும் 1884இல் கனடாவின் கியூபெக் பேராயர் தாஷெரோ ஆண்டகை றோமாபுரியிலிருந்து இச்சங்கத்துக்கு எதிரான தீர்ப்பொன்றைப் பெற்றார். அமெரிக்காவிலும் அவ்வாறே நடந்தால் இலட்சக்கணக்கான தொழிலாளர் சங்கமா, நற்கருணையா என்று தெரிவு செய்யவேண்டிய நிலை உண்டாகும்.

1886 அக்டோபரில் பால்ரிமோர் பேராயர் கர்தினால் கிப்பன்ஸ் ஆண்டகை, பவுடர்லியை அழைத்து நேரிற் கேட்டறிந்தார். அங்கு கூடிய பன்னிரு பேராயர்களில் இருவரே சங்கத்தைக் கண்டிக்கவேண்டுமென்றனர். மறு ஆண்டு பெப்ரவரியில் றோமாபுரியில் கர்தினால் சமர்ப்பித்த விண்ணப்பம், வறியோர் பக்கம் திருச்சபை நிற்காவிடின் மக்களின் இருதயத்தை அது இழந்துவிடும் என்று எச்சரித்தது. 1888இல், விதிகளிற் சில சொற்களைத் திருத்தும் நிபந்தனையுடன் சங்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற தீர்ப்பு வந்தது. மூன்று ஆண்டுகளின் பின், 1891 மே 15ஆம் நாள், பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 'றேறும் நோவாரும்' என்னும் சுற்றுமடலில் தொழிலாளர் சங்கங் கூடும் உரிமையை உலகறிய உறுதிப்படுத்தினார்.

வாக்குச்சீட்டின் பலமும் 1886இல் தெரிந்தது. நியூயோர்க் நகரபிதாத் தேர்தலில், தொழிற்சங்கங்கள் நிறுத்திய ஹென்றி ஜோர்ஜ் 68,110 வாக்குகள் பெற்று இரண்டாம் இடத்துக்கு வந்தார். பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ற் மூன்றாமவரானார். மில்வாக்கித் தொகுதியில் தொழிலாளர் வேட்பாளர் காங்கிரசுக்கே தெரிவானார்.

ஆனால், வாசகரே, ஒரு மனிதனின் வாழ்க்கையைச் சொல்லும்போது குறைகளையும் மறைத்தல் ஆகாது. கறுப்பினத் தொழிலாளரையும் பெண்களையும் வரவேற்ற அச்சங்கம், சீனத் தொழிலாளரை மட்டும் வெளியே நிறுத்தியது. அவர்கள் நாட்டினுள் வருவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பவுடர்லியும் ஆதரித்தார். குடியேறிய ஏழைகளின் மகன், பின்வந்த ஏழைகளுக்குக் கதவடைத்தார்! அன்று வாக்குரிமை அற்றிருந்த சீனருக்காகப் பேசியோர் மிகச் சிலரே.

1886 மே மாதம் சிக்காகோவில் குண்டு வெடித்த பின் சங்கங்கள் மீது பழி சூழ்ந்தது. தோல்வியுற்ற வேலைநிறுத்தங்களும் உட்பூசலும் சங்கத்தைத் தேய்த்தன. 1893இல் பவுடர்லி தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் சட்டத்தரணியானார். 1897இல் ஜனாதிபதி மக்கின்லி அவரைக் குடிவரவுத் திணைக்களத்தின் தலைவராக நியமித்தார். எனினும் மனவருத்தத்துக்குரிய காரியமொன்று உண்டு. சில குருமாரினதும் ஆயரினதும் சந்தேகமும் கண்டனமும் அவருள் ஏற்படுத்திய காயம் ஆறவேயில்லை. அவர் திருச்சபையை விட்டு விலகி, 1901இல் பிறீமேசன் சங்கத்திற் சேர்ந்தார். 1924 ஜூன் 24ஆம் நாள் வாஷிங்ரன் நகரிற் காலமானார்.

அவர் கேட்டவற்றுட் பல அவர் கண்மூடிய பின்னரே கிடைத்தன. சிறுவர் வேலையைக் கட்டுப்படுத்தி, வேலை நேரத்துக்கு வரம்பிட்ட அமெரிக்க மத்திய சட்டம் 1938இற்றான் வந்தது. விதைத்தவர் ஒருவர், அறுத்தவர் வேறொருவர்.

உங்கள் வீட்டிலும் நாட்சம்பளத்துக்கு உழைக்கும் ஒருவர் இருக்கலாம். அவர் சங்கக் கூட்டத்துக்குப் போனால், குற்றம் சொல்லுமுன் கர்தினால் கிப்பன்ஸ் செய்ததுபோல் முதலில் அவரை இருத்திக் கேளுங்கள். பலரைக் காத்த அந்தச் செவிமடுத்தல், காயப்பட்ட ஒருவருக்குக் காலம் பிந்திப் போயிற்று. வாக்களிக்கப் போகும் நாளில், நம் சம்பளத்தை மட்டுமன்றி, வாக்கில்லாத அயலவனையும் நினைத்துக்கொள்ளுங்கள். பவுடர்லி மறந்தது அதையே. அவரின் ஆன்மாவையும், அவொண்டேலில் மாண்ட தொழிலாளரையும் இன்று உங்கள் குடும்பச் செபத்தில் நினைவுகூருவீர்களாக.