கடைச் சரக்கே போதும் என்றவர்
கருவி மன்னர் பாக்கார்டின் கதை

திருவண்ணாமலைச் சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கணீர் என்று ஒலித்தால் நல்ல பானை. ஆனால், ஆகாய விமானத்தின் ரேடியோவைத் தட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதைச் சோதிக்கத் தனிக் கருவிகள் வேண்டும். அப்படிப்பட்ட கருவிகளைச் செய்து உலகப் புகழ் பெற்றவர், டேவிட் பாக்கார்டு.

வால்வு சோதனை

அமெரிக்காவில் பியூப்லோ என்ற ஊரில் 1912-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் வக்கீல். படிப்பு முடிந்ததும் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை கிடைத்தது.

அங்கே ஒரு வகை வால்வுகள் எல்லாமே சோதனையில் தோற்றுப்போயின. பாக்கார்டு தொழிலாளர்களோடு நின்று, ஒவ்வொரு கட்டத்திலும் சோதித்துச் செய்தார். பிறகு ஒன்றுகூடத் தோற்கவில்லை!

மோட்டார் கொட்டகை

1939-ல் நண்பர் ஹியூலெட்டுடன் ஒரு மோட்டார் கொட்டகையில் தொழில் தொடங்கினார். முதல், 538 டாலர். யார் பெயர் முன்னால் வருவது? காசைச் சுண்டிப் போட்டார்கள். ஹியூலெட் பாக்கார்டு கம்பெனி பிறந்தது.

கம்ப்யூட்டர் கட்டளையிட, பல கருவிகள் சேர்ந்து தாமாகவே சோதனை செய்வதற்கான இணைப்பையும் இந்தக் கம்பெனி உருவாக்கியது. 1975-ல் அது எல்லோருக்கும் பொதுவான முறை ஆயிற்று.

435 டாலர் சுத்தியல்

1969-ல் பாக்கார்டு ராணுவ இலாகாவின் துணை மந்திரி ஆனார். தம் பங்குகளைப் பிறர் பொறுப்பில் விட்டு, அவற்றின் வருமானத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். 1971-ல் பதவி விலகினார்.

பின்னர், ராணுவம் ஒரு சுத்தியலுக்கு 435 டாலர் கணக்கு எழுதிய செய்தி வந்து, மக்கள் கொதித்தார்கள். 1985-ல் ஜனாதிபதி ரீகன், பாக்கார்டு தலைமையில் கமிஷன் அமைத்தார். கடையில் கிடைக்கும் பொருள் பொருந்துமானால் அதையே வாங்க வேண்டும். பொருந்தாவிட்டால்தான் தனியாகச் செய்ய வேண்டும் என்று 1986-ல் அந்தக் கமிஷன் சொன்னது.

சோதனைக் கருவிக்கு இது நன்றாகப் பொருந்தும். வானத்தில் குளிரையும் அதிர்ச்சியையும் தாங்குவது விமானம். கருவியோ பெரும்பாலும் பட்டறை மேஜைமேல் இருக்கிறது. அதைத் தனியாகச் செய்தால் செலவு அதிகம், காலமும் அதிகம். கடைக் கருவியோ பலர் கையாண்டு பார்த்தது.

ஒரு சிக்கல் உண்டு. விமானம் முப்பது ஆண்டு பறக்கும். கடைக் கருவியோ சில ஆண்டுகளில் மாறிவிடும். ஆகவே, வாங்கும்போதே உதிரிப் பாகங்களுக்கும் வழி செய்துகொள்ள வேண்டும்.

1994-ல் ராணுவ மந்திரி பெர்ரி, ராணுவத்தின் தனி அளவுகோல்களை விட்டு, வணிக அளவுகோல்களை அதிகம் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார். பாக்கார்டு அதையும் பார்த்துவிட்டு, 1996-ல் 83-வது வயதில் காலமானார். சொத்தில் பெரும்பகுதி அறக்கட்டளைக்குப் போயிற்று.

சோதனை தவறினால் விமானியின் உயிர் போகும். செலவு மிஞ்சினால் மக்களின் வரிப்பணம் போகும். இரண்டையும் காக்க வழி சொன்னவர், பாக்கார்டு.