75 ரூபாய் திறந்த கதவு

கும்பகோணத்துத் துணிக்கடையில் கணக்கெழுதி மாதம் 20 ரூபாய் பெற்றவரின் மகன். பிறந்தது 1887. கணிதமேதை இராமானுஜம் என்று இன்று சிலை வைக்கிறோம், தபால்தலை வெளியிடுகிறோம். வாழ்ந்தபோது நடந்ததென்ன, தோழர்களே?

உதவித்தொகையோடு கும்பகோணம் கல்லூரியில் சேர்ந்தார். கணக்கிலே புலி; மற்றப் பாடங்களிலே தோல்வி. தொகை பறிபோயிற்று. சென்னை பச்சையப்பன் கல்லூரிக்கு வந்தார். எஃப்.ஏ. தேர்விலே தோல்வி, மறு ஆண்டும் தோல்வி! பட்டமில்லை, வேலையில்லை, வயிற்றுக்கும் வழியில்லை. கக்கத்திலே நோட்டுப் புத்தகம் மட்டும்.

1912 மார்ச்சில் துறைமுகக் குமாஸ்தா ஆனார். சம்பளம் 30 ரூபாய். மேலதிகாரி நாராயண ஐயர் மாலை வேளைகளில் சிலேட்டும் கையுமாக அவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டார். குமாஸ்தாவுக்கு எதற்குக் கணக்கு ஆராய்ச்சி என்று கேலி பேசவில்லை, அதுவே பெரிது!

1913இல் வானிலைத் துறைத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அந்த நோட்டைக் கண்டு பல்கலைக் கழகத்துக்கு எழுதினார். ஆராய்ச்சித் தொகை கொடுங்கள் என்றார். யாருக்கு? எஃப்.ஏ. தேறாதவருக்கு! எம்.ஏ. படித்தவருக்கே தொகை என்றது விதி. ஆராய்ச்சியை வளர்ப்பது பல்கலைக் கழகத்தின் கடமை என்று சட்டத்தின் முகவுரையே கூறுகிறதே என்று சிண்டிகேட்டில் எழுந்தது ஒரு குரல். விதி வளைந்தது. மாதம் 75 ரூபாய், 2 ஆண்டுகளுக்கு. 3 மாதத்துக்கு ஓர் அறிக்கை தர வேண்டும்; அவ்வளவே நிபந்தனை. அடுத்த ஆண்டே கேம்பிரிட்ஜ் சென்றார். அருகிருந்து வழிகாட்ட ஹார்டி கிடைத்தார். 1918இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1920இல், 32 வயதில், சேத்துப்பட்டில் மறைந்தார்.

அவருக்காக எடுத்துச் சொல்லத் துறைமுகத்திலே ஆள் இருந்தது, கலெக்டர் உத்தியோகத்திலே ஆள் இருந்தது. தாம்பரம் ரயில் பணிமனைத் தொழிலாளியின் மகளுக்கு, பல்லாவரம் தோல் ஷெட் தொழிலாளியின் மகனுக்கு எடுத்துச் சொல்ல யார் உண்டு? ஆளைப் பார்த்து வளையும் விதி வேண்டாம். பி.எஸ்ஸி. படிக்கும்போதே பேராசிரியர் பக்கத்தில் அமர்ந்து ஆராய்ச்சி பழகவும், அதற்கு மாதந்தோறும் தொகை பெறவும் விதியே வேண்டும் என்கிறோம். அறிவியல் கழகங்கள் கோடையிலே 2 மாதம் தருகின்றன, நல்லதுதான். மீதி 10 மாதம்? மாலையில் வேலைக்குப் போனால்தான் வீட்டிலே உலை கொதிக்கும் என்ற பிள்ளை என்ன செய்யும்?

இது நமது ஆசை மட்டுமல்ல. 1919 ஜனவரியில், நோயோடு இங்கிலாந்தில் கிடந்த இராமானுஜம் பல்கலைக் கழகப் பதிவாளருக்கு எழுதினார். தமக்கு வரவிருக்கும் பணம் தேவைக்கு மேல் என்றார். பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் போக, மிஞ்சுவதை ஏழைப் பிள்ளைகள், அநாதைகளின் பள்ளிக் கட்டணத்தைக் குறைக்கவும் புத்தகங்களுக்கும் செலவிடும்படி கேட்டுக்கொண்டார்.