வலிய கப்பித்தான் டிலனாய்



நம்ம அருமனைப் பக்கம் பட்டாளத்திலிருந்து ரிட்டயர்டு ஆகி வந்த பெரியவர்கள் பலர் உண்டு. வீட்டுக்கு வந்த பிறகும் அவங்க சும்மா இருக்க மாட்டாங்க. எங்க தாத்தாவும் அப்படித்தான். ஆனா இந்தத் தடவை நான் எழுதப்போவது, சுமார் 250 வருஷத்துக்கு முன் நம்ம மாவட்டத்தில் இறந்துபோன ஒரு பட்டாளத்துக்காரரைப் பற்றி. அவர் பெயர் டிலனாய்.

டிலனாய் 1715-ல் ஐரோப்பாவில் பிறந்தவர். டச்சுக் கம்பெனியின் படையில் சேர்ந்து கப்பலேறி வந்தார். அந்தக் காலத்தில் நம்ம நல்லமிளகுக்காகத்தான் வெள்ளைக்காரர்கள் ஒருத்தரோடு ஒருத்தர் போட்டி போட்டார்கள். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களின் வியாபாரத்துக்குத் தடையாக இருந்தார். அதனால் 1741-ல் அவர்கள் இலங்கையிலிருந்து படையோடு வந்து குளச்சலில் இறங்கினார்கள். கடற்கரை ஊர்களைக் கொள்ளையடித்தார்கள். மன்னரின் படை விரைந்து வந்து அவர்களை வளைத்தது. ஆகஸ்ட் 10-ம் தேதி டச்சுப் படை தோற்றது. ஐரோப்பியப் படையை இந்திய மன்னர் ஒருவர் தோற்கடித்த பெரிய போர் இது. இதன் நினைவாக ஒரு வெற்றித் தூண் குளச்சலில் நிற்கிறது.

கைதியாகப் பிடிபட்டவர்களில் டிலனாயும் ஒருவர். தலையை வெட்டியிருக்கலாம், சிறையிலேயே வைத்திருக்கலாம். மன்னர் அப்படிச் செய்யவில்லை. இவருடைய திறமையைப் பார்த்து, தன் படைக்கே பயிற்சி கொடுக்கச் சொன்னார். அங்கேதான் இவருடைய வாழ்க்கை திரும்பியது.

அணிவகுத்து நிற்பது, துப்பாக்கி சுடுவது, பீரங்கி கையாள்வது எல்லாம் நம்ம ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். தக்கலைக்குப் பக்கம் புலியூர்க்குறிச்சியில் உள்ள உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் பலப்படுத்தினார். கோட்டைக்குள்ளேயே பீரங்கி வார்க்கும் உலை இருந்தது. கன்னியாகுமரி பக்கத்து வட்டக்கோட்டையும் இவர் கைபட்டதுதான். காயங்குளம் போன்ற நாடுகள் திருவிதாங்கூரோடு சேர்ந்த சண்டைகளில் இவர் பழக்கிய படை பெரிய பலமாக இருந்தது. படிப்படியாக உயர்ந்து தளபதி ஆனார். மக்கள் இவரை வலிய கப்பித்தான் என்று அழைத்தார்கள். வலிய என்றால் பெரிய என்று நமக்குத் தெரியும்தானே!

ஆனா இவர் வாழ்க்கையில் துக்கமும் உண்டு. அரண்மனை அதிகாரியாக இருந்த நட்டாலம் நீலகண்ட பிள்ளை இவருடைய நண்பர். டிலனாய் மூலமாகத்தான் அவர் கிறிஸ்தவ மறையை அறிந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார். 1752-ல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-ல் புனிதர் பட்டம் பெற்றவர் அவர்தான். தனக்கு உயிர் கொடுத்த அதே அரசு தன் நண்பனின் உயிரை எடுத்தபோது டிலனாயின் மனசு என்ன பாடு பட்டிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன். 1765-ல் களக்காட்டுச் சண்டையில் மகன் ஜானும் இறந்துபோனான். அவனுக்கு இருபது வயசுதான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் வேலையை விடவில்லை. மார்த்தாண்ட வர்மா 1758-ல் இறந்த பின், அடுத்த மன்னர் தர்மராஜாவுக்கும் உழைத்தார். வடக்கு எல்லையில் நெடுங்கோட்டை என்ற நீண்ட மதிலை எழுப்பினார். 1789 டிசம்பரில் திப்பு சுல்தானின் முதல் தாக்குதலை அங்கேதான் தடுத்து நிறுத்தினார்கள். அதைப் பார்க்க டிலனாய் உயிரோடு இல்லை. 1777 ஜூன் 1-ல் தமது 61-வது வயதில் உதயகிரியில் காலமானார். 36 வருஷம் இந்த மண்ணுக்கு உழைத்திருக்கிறார்!

கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு சிற்றாலயத்தில் அவரும் மனைவியும் மகனும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறது. பிறந்த ஊரை அவர் திரும்பப் பார்க்கவே இல்லை. எதிரியாக வந்தவரை நம்பி வேலை கொடுத்த மன்னரும் பெரியவர், அந்த நம்பிக்கையைச் சாகிறவரை காப்பாற்றிய டிலனாயும் பெரியவர்.

நண்பர்களே, பத்மநாபபுரம் அரண்மனைக்கு டூர் போனால் உதயகிரிக் கோட்டைக்கும் போய் வாங்க. தயவுசெய்து அந்தச் சுவரில் மட்டும் பேரைக் கிறுக்கி வைக்காதீங்க!