யமுனைக் கரையில் பாபர்

தில்லியில் குடியேறிய நம்மவருள், ஊரிலிருந்து வரும் உறவினரை அழைத்துக்கொண்டு குதுப்மினார், ஹௌஸ் காஸ், நிஜாமுத்தீன், லோடி தோட்டம் என்று சுற்றிக் காட்டாதவர் எவரும் இருக்க முடியாது. ஏறக்குறைய இதே இடங்களை 1526ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இரண்டு நாட்களில் சுற்றிப் பார்த்துவிட்டு, யமுனையில் படகேறி மது அருந்தினார் வேற்று நாட்டார் ஒருவர். பிரான்சு தேசத்து லுவார் நதிக்கரைக்கு மதுவையும் உணவையும் பழைய கோட்டைகளையும் நாடி உல்லாசப் பயணிகள் செல்வதாகப் படிக்கிறோம். இவருக்கும் அம்மூன்றிலும் நாட்டம் இருந்தது. படையோடு வந்தார் என்பதே வேறுபாடு. அவர்தாம் மொகலாய அரசை நிறுவிய பாபர்.

சிர் தரியா நதி பாயும் பர்கானாப் பள்ளத்தாக்கில் 1483 பிப்ரவரி 14ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை உமர் ஷேக் மிர்சா தைமூரின் வழித்தோன்றல். தாய்வழியில் செங்கிஸ்கானின் குருதி. 1494இல் பள்ளத்தின் விளிம்பிலிருந்த புறா மாடம் சரிய, அதனோடு விழுந்து தந்தை மாண்டார். பன்னிரண்டாம் வயதில் பாபர் அரசரானார். சாமர்க்கண்டு நகரை மூன்று முறை வென்று, மூன்று முறையும் இழந்தார். 1504இல் காபூலைக் கைப்பற்றிய பின்னரே காலூன்ற ஓரிடம் கிடைத்தது.

துருக்கி மொழியில் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தார். அந்நூலை 1589இல் பாரசீகத்தில் பெயர்த்தவர் அப்துர் ரஹீம் கான்கானான். அவருடைய கல்லறை நம் நிஜாமுத்தீன் ரயில் நிலையத்துக்கு அண்மையிலேயே உள்ளது. அந்நூலில் மாதுளைக்கும் முலாம்பழத்துக்கும் மன்னர்களுக்கு நிகரான இடம் உண்டு. ஆண்டிஜான் நகரத்துக் காட்டுக்கோழி ஒன்றைச் சமைத்தால் நால்வர் உண்டும் மிஞ்சும் என்று நினைவுகூர்கிறார். 1506இல் ஹீராத் நகர விருந்தில் வாத்து வறுவலை எப்படி அறுப்பது என்று தெரியாமல் விழித்ததையும், விருந்தளித்த மிர்சா அறுத்துக் கொடுத்ததையும் மறைக்கவில்லை. அந்நாளில் அவர் மதுவைத் தொட்டவரல்லர். பிற்காலத்தில் காபூல் மலைச்சரிவுத் தோட்டங்களில் அந்தக் கணக்கை வட்டியோடு தீர்த்துக்கொண்டார்!

பானிபட்டில் இப்ராகிம் லோடியை வென்று தில்லிக்கு வந்தவர், முதலில் நிஜாமுத்தீன் அவுலியாவின் சமாதியை வலம் வந்தார். மறுநாள் குத்புத்தீன் பக்தியாரின் சமாதி, பால்பன், அலாவுத்தீன் கில்ஜி ஆகியோரின் கல்லறைகள், மினார், ஹௌஸ் ஷம்சி, ஹௌஸ் காஸ், லோடி மன்னர்களின் தோட்டங்கள் யாவும் பார்த்தாயிற்று. அதன் பிறகே படகும் மதுவும். தாம் வென்ற நாட்டின் மன்னர்களைக் கணக்கெடுக்கையில், காணாத தென்னாட்டையும் விடவில்லை. இந்து அரசர்களுள் நிலத்தாலும் படையாலும் பெரியவர் விஜயநகர மன்னரே என்று குறித்திருக்கிறார்.

ஆனால் நாடு பிடிக்கவில்லை. நல்ல திராட்சையில்லை, முலாம்பழமில்லை, பனிக்கட்டியில்லை, குளிர்ந்த நீரில்லை, கடைத்தெருவில் நல்ல ரொட்டியில்லை என்று நீளமான பட்டியல் எழுதினார். மாம்பழத்தை மட்டும் சற்றுத் தயங்கிப் புகழ்ந்தார். மல்கோவாவைச் சுவைத்திருந்தால் தயங்கியிருப்பாரோ? அவ்வாண்டுக் கோடையில் ஆக்ராவின் வெப்பம் தாளாது வீரர்கள் மடிந்தனர். தளபதிகள் ஊர் திரும்ப விரும்பினர். பாபர் அவையைக் கூட்டி, வென்றதை விட்டுச் செல்வதில்லை என்று உறுதியாக மறுத்தார். நெருங்கிய நண்பர் குவாஜா கலான் மட்டும் விடைபெற்று, போகும் வழியில் தில்லியில் ஒரு சுவரில் இந்நாட்டை வெறுத்துக் கவிதையும் எழுதிச் சென்றார். நம்முள்ளும் ஓய்வு பெற்ற மறுநாளே மூட்டை கட்டியவர்கள் உண்டு. அதை நான் குறை சொல்லேன்.

தங்கியவர் என்ன செய்தார்? ஆக்ராவில் யமுனையின் அக்கரையில், தமக்கே அருவருப்பூட்டிய வெற்று நிலத்தில், கிணறு வெட்டி, குளம் அமைத்து, ரோஜாவும் நர்கீஸும் வரிசையாக நட்டார். தளபதிகளும் அவ்வாறே செய்ய, ஊரார் அக்கரைக்கே காபூல் என்று பெயர் வைத்துவிட்டனர்.

இந்நாட்டு உணவைச் சுவைக்க விரும்பி இப்ராகிமின் சமையற்காரர் நால்வரை வைத்துக்கொண்டார். 1526 டிசம்பரில் இப்ராகிமின் தாய் அவர்களுள் ஒருவனைக் கொண்டு உணவில் நஞ்சிட்டாள். முயல் கறியும் காரட்டும் உண்டவர் வாந்தியெடுத்துப் பிழைத்தார். சமையற்காரனை உயிரோடு தோலுரிக்கச் செய்தார். பகைவர் தலைகளைக் கோபுரமாக அடுக்கியவரும் இவரே. இவற்றைப் புகழ்வார் யார்?

1527இல் ராணா சங்காவை எதிர்க்குமுன் மதுவைத் துறந்து, பொன், வெள்ளிக் கிண்ணங்களை உடைத்து ஏழைகளுக்குப் பகிர்ந்தார். கஜினியிலிருந்து ஒட்டகங்களில் அப்போதுதான் வந்திறங்கிய மதுவில் உப்பிட்டுக் காடியாக்கினர். துறந்தாரே ஒழிய, ஏக்கம் இரண்டாண்டுகள் விடவில்லை. 1529 பிப்ரவரியில் குவாஜா கலானுக்கு எழுதிய கடிதத்தில் அதை ஒப்புக்கொண்டார். முலாம்பழம் ஒன்றை உண்கையில் அடக்க முடியாது அழுததையும் அதில் எழுதினார். பார்சல் அலுவலகத்தில் பணிபுரியும் எனக்கு இது வியப்பன்று. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்த கூடையில் மாவடு ஜாடி இருப்பதை மணத்தாலேயே அறிந்து, கையெழுத்திட மறந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அவ்வாண்டே அந்த ஆற்றங்கரைத் தோட்டத்தில் பால்கு நாட்டுத் தோட்டக்காரர் பயிரிட்ட முலாம்பழமும், கொடியில் திராட்சையும் பழுத்தன. பாபர் மனநிறைவு கொண்டார். 1530 டிசம்பர் 26ஆம் நாள் ஆக்ராவில் காலமானார். உடலை முதலில் யமுனைக் கரைத் தோட்டத்தில் அடக்கம் செய்தனர். சில ஆண்டுகளுக்குப் பின் அங்கிருந்து எடுத்து, காபூலின் மலைச்சரிவுத் தோட்டத்தில் வைத்தனர்.