சித்தூர் கண்ட இராஜாஜி

மூதறிஞர் இராஜாஜி என்றவுடன் சேலமும் வேதாரணியமும் நம் நினைவிற்கு வரும். அவர் வாழ்வில் சித்தூருக்கும் இடமுண்டு என்பதைப் பலர் அறியார். திருப்பதியில் பயிலும் தமிழ் மாணவன் என்ற முறையில் அதனை ஈண்டுக் கூற விழைகின்றேன்.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-ஆம் ஆண்டு பிறந்த அவர், சேலத்தில் பெரும்புகழ் பெற்ற வழக்கறிஞராய் விளங்கினார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்ததும் அத்தொழிலைத் துறந்தார். 1925-இல் திருச்செங்கோட்டின் அருகே காந்தி ஆசிரமம் அமைத்துக் கதரையும் மதுவிலக்கையும் பரப்பலானார்.

அக்காலத்தில் திருச்சானூர்க் கோயிலுள் வழிபடச் சென்ற தாழ்த்தப்பட்ட அன்பர் ஒருவர், சமயத்தை இழிவு செய்தார் என்று தண்டிக்கப்பட்டார். நீதிமன்றம் ஏறுவதில்லை என்றிருந்த இராஜாஜி, அவ்வேழைக்காகச் சித்தூரில் வாதாடினார். இழிவு செய்யும் எண்ணம் இருந்ததென்று மெய்ப்பிக்காமல் தண்டிக்கலாகாது என்பதே அவ்வாதத்தின் உயிர்நிலை. அன்பர் விடுதலை பெற்றார்.

1937-இல் அவர் சென்னை மாகாணத்தின் முதலமைச்சரானார். கள், சாராயம் மட்டுமின்றிக் கஞ்சாவையும் விலக்கும் சட்டம் அவ்வாண்டே பிறந்தது. அக்டோபர் முதல் நாளன்று சேலம் மாவட்டத்தில் மட்டும் அது நடைமுறைக்கு வந்தது. 1938-இல் சித்தூருக்கும் கடப்பைக்கும், 1939-இல் வட ஆர்க்காட்டிற்கும் பரவியது. சித்தூர் அன்று சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது.

அறிவியல் பயிலும் எனக்கு இம்முறை பெரிதும் பிடித்திருக்கிறது. சிறிய அளவில் சோதித்துப் பார்த்து, பின்னரே விரிவாக்குவதன்றோ ஆய்வுக்கூட வழக்கம்? திண்ணை ரசாயனம் எழுதிய கையல்லவா அது! மாகாண வருவாயில் ஏறக்குறைய கால் பங்கு மதுவினின்று வந்தது. அவ்விழப்பை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி கொணர்ந்தார். கள்ளிறக்குவோர் பிழைப்பிற்குப் பதநீரும் வெல்லமும் வழியாயின.

எனினும் ஒரு வினா எழுகின்றது. குடித்தவனையும் குற்றவாளியாக்கியது அச்சட்டம். கோயிலுள் நுழைந்தவனின் உள்ளத்தை ஆராயச் சொன்னவர், குடிக்கு அடிமையானவனின் உள்ளத்தையும் ஆராய இடம் வைத்திருக்கலாகாதா? ஏழையின் குடும்பம் காக்கப்பட வேண்டும் என்ற நோக்கம் தூயது. ஆயின் சிறைக்குச் சென்றவனும் ஏழைதானே?

1948-இல் மாகாணம் முழுமையும் மதுவிலக்குப் பரவியது. 1971-இல் தமிழ்நாட்டில் அது தளர்த்தப்பட்டபோது, தொண்ணூறு கடந்த முதியவர் முதலமைச்சரை நேரில் கண்டு வேண்டாமென்று மன்றாடினார். மறு ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் மறைந்தார். ஆந்திரத்தில் 1995-இல் வந்த முழு மதுவிலக்கும் 1997-இல் தளர்ந்தது.

போதையை ஒழிக்கப் புதுச்சட்டம் இயற்றுவோர், 1938-இன் சித்தூரை மட்டுமன்று, 1925-இன் சித்தூரையும் கற்க வேண்டும். முன்னது துணிவைப் புகட்டும். பின்னது இரக்கத்தைப் புகட்டும். இரண்டும் ஒருவரிடத்தே இருந்தன என்பதே இராஜாஜியின் பெருமை; அவை ஒரே சட்டத்துள் சேராமற் போனதே நம் குறை.